சுக்குவுக்கு ராத்திரிப் பாட்டு கிடையாது

அப்பாவின் சைக்கிள் மணி இப்போது என்னிடம் இருக்கிறது. சைக்கிள் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதற்கு முன்னால் நான் போய் மணியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டேன். மேல்மூடி துருவேறிப் பழுத்திருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே பல்சக்கரம் நகர்வது கைக்குத் தெரியும், சத்தம் வராது. யாரோ போர்வைக்குள் இருமுவதுபோல ஒரு மங்கல் ஒலி, அவ்வளவுதான். உள்ளே ஒரு துணி அடைத்திருக்கிறது. காக்கித் துணி. அதை அடைத்தவர் அப்பாதான். அதற்குப் பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்த ஊமை மணியோடுதான் அவர் மட்டாஞ்சேரித் தெருக்களில் சைக்கிள் ஓட்டினார். மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டிகளும் சுமை தூக்கும் சுமட்டுக்காரர்களும் முட்டிக்கொள்ளும் பஜாரில் மணி இல்லாமல் போவது என்றால் என்னவென்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அப்பா இறங்கி உருட்டிக்கொண்டு போவார். பார்த்தவர்கள் கேலி செய்தார்கள்.

அவருக்கு முனிசிபாலிடியில் நாய் பிடிக்கிற வேலை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் ‘ஹெல்த்தில் வேலை’ என்று சொல்லும்படி அம்மா எங்களைப் பழக்கியிருந்தாள். நாங்களும் அப்படியே சொல்வோம், கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஏனென்றால் கூண்டு வண்டிக்கு முன்னால் சுருக்குக் கம்பியோடு நடந்து போகும் ஆளை மட்டாஞ்சேரியில் பார்க்காதவர்கள் கிடையாது. அப்பாவின் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து நகரசுத்தி வேலைக்கென்று கூட்டிவரப்பட்ட குடும்பம் எங்களுடையது. வேலையும், முனிசிபாலிடி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்தன. ஊர் பேரைச் சொல்ல முடியுமே தவிர, அந்த ஊரில் எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. படித்தது மலையாளம். கடைக்குப் போனால் மலையாளம். தமிழ் வீட்டுக்குள் மட்டும் இருந்தது, அதிலும் பெரும்பங்கு அப்பாவின் வாயில் இருந்தது.

எந்தத் தெருவில் நுழைந்தாலும் நாய்கள் அவரைப் பார்த்துக் குரைக்கும். வேலை இல்லாத நாளில், வெள்ளை வேட்டி கட்டி, எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கோவிலுக்குப் புறப்பட்டாலும் குரைக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத ஏதோ ஒரு வாசனை அவரிடம் இருந்திருக்க வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தலில் அவர் நுழைவதற்கு முன்னால் குரைப்புச் சத்தம் நுழையும். அவர் முகத்தில் ஒரு வாட்டமும் காட்டாமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார். எனக்கு அந்த நேரங்களில் அவர்மேல் கோபம் வரும். நாய்மேல் வரவேண்டிய கோபம் என்று தெரிந்தும் அவர்மேல்தான் வரும்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் சாயங்காலம் சட்டைக்குள் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இஞ்சி காயப்போடும் முற்றம் ஒன்றில், சாக்குக்கு அடியில் கிடந்ததாம். தாய் காலையிலேயே கூண்டுக்குள் போய்விட்டது. குட்டியைத் தூக்கிப் போட அவருக்குக் கை வரவில்லை. காய்ந்த இஞ்சியின் நிறம், அதே போலக் கோணலும் முடிச்சுமாக ஓர் உடம்பு. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, நாய் பிடிக்கிறவன் வீட்டில் நாயா, ஊர் சிரிக்காதா என்று கேட்டாள். அப்பா சிரட்டையில் கஞ்சித் தண்ணீர் ஊற்றினார். தம்பிதான் அதற்குச் சுக்கு என்று பெயர் வைத்தான். உலகத்தில் அப்பாவைப் பார்த்துக் குரைக்காத ஒரே நாய் அதுதான்.

சுக்கு வந்த பிறகுதான் அப்பாவிடம் பாட்டு இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. வேலை முடிந்து வந்து, குழாயடியில் குளித்துவிட்டு, வாசல் படியில் உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா குடிக்கும்போது, முன்னால் வாலை ஆட்டிக்கொண்டிருக்கும் நாயைப் பார்த்துத் தானாகச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் காலைப் பாட்டு வந்தது.

விடிஞ்சாச்சு சுக்கு
வெளியே நீட்டு மூக்கு
சாயாக்கடைச் சேட்டன் தந்தா
சப்புக்கொட்டும் நாக்கு

சாயாக்கடைச் சேட்டன் கதையும் உண்மைதான். முனையில் கடை வைத்திருந்த அவர் முந்தின நாள் மிஞ்சிய பன்னில் ஒரு துண்டைச் சுக்குவுக்கு எறிவார். நாங்கள் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று பாட்டுக்குள் போய் உட்கார்ந்ததும் எங்களுக்கு உண்டான ஆச்சரியத்தை இப்போது விளக்க முடியவில்லை. பள்ளிக்கூடப் புத்தகப் பாட்டுகளில் வரும் பூவும் நிலவும் மயிலும் யாருடையவோ. இது எங்கள் நாய், எங்கள் சந்து, எங்கள் கடை. சில நாள் கழித்து இரண்டாவது வந்தது.

மத்தியானம் சுக்கு
வண்டி நிழலில் சொக்கு
மழை வந்து கொட்டினாலும்
மாறாது அதன் போக்கு

மூன்றாவதுதான் லைனில் இருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பிடித்தது.

சாயங்காலம் சுக்கு
சந்து முனையில் நிக்கும்
சைக்கிள் மணி கேட்டுப்புட்டா
சந்தோஷத்தில் திக்கும்

திக்கும் என்றால் அப்படியே திக்கும். அப்பாவின் மணி தூரத்தில் கேட்டதும் சுக்குவுக்குக் குரைக்கவும் வராது, ஊளையிடவும் வராது. தொண்டையில் எதுவோ மாட்டிக்கொண்டதுபோல முனகி முனகி, நாலு காலும் நாலு பக்கம் போக ஓடும். பஜாரில் நூறு சைக்கிள் போகும், நூறு மணி அடிக்கும். அதற்கு அப்பாவின் மணி மட்டும் தெரியும். அது எங்கே இருந்தாலும், என்ன தின்றுகொண்டிருந்தாலும், அந்த மணிக்கு ஓடி வரும். தினமும் சாயங்காலம் படிக்கட்டில் ஏழெட்டுக் குழந்தைகள் கூடி மூன்று பாட்டையும் வரிசையாகக் கத்துவோம். பிறகு ராத்திரிக்கு என்ன என்று கேட்போம். அப்பா சாயா தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “ராத்திரி அது தூங்கும். தூங்குற நாய்க்குப் பாட்டு எதுக்கு?” என்பார். நாளைக்குக் கட்டித் தருகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

காக்கித் துணியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நாய் பிடிக்கிறவர்களிடையே எழுதாத ஒரு கட்டுப்பாடு இருந்தது. தன் தெருவில் தானே சுருக்கு வீசக் கூடாது. எங்கள் பக்கத்து முறை வரும்போது எறணாகுளம் அக்கரையிலிருந்து வேறு ஆட்கள் வருவார்கள். அப்பாவும் கூட்டாளிகளும் படகேறி அந்தப் பக்கம் போவார்கள். தெரிந்த முகங்களின் முன்னால் அந்த வேலையைச் செய்ய யாருக்கும் மனம் வராது, அதனால் இந்த ஏற்பாடு. ஆனால் அந்நிய ஆட்களுக்கு எது யாருடைய நாய் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் காக்கி. வேலைக்காரன் வீட்டு நாயின் கழுத்தில் பழைய யூனிஃபார்மிலிருந்து கிழித்த ஒரு துண்டைக் கட்டியிருப்பார்கள். அதைப் பார்த்தால் அக்கரைக்காரர்கள் தொடமாட்டார்கள். இன்ஸ்பெக்டருக்குத் தெரியுமோ தெரியாதோ, கண்டுகொள்ளவில்லை. நம் வீட்டுச் சோற்றைத் தின்று, நம் கண்ணெதிரில் கிடக்கிற நாய்க்குத்தான் கட்டலாம் என்பது அவர்களுக்குள் பேச்சு. சுக்குவின் கழுத்தில் அப்பாவின் பழைய கால்சட்டைத் துண்டு எப்போதும் இருந்தது.

அடுத்த வீட்டில் ஒரு சின்னவள் இருந்தாள். அம்மாக்காரி கிடங்கில் சுக்கு பொறுக்கும் வேலைக்குப் போகிறவள், புருஷன் இல்லை. பிள்ளை பகலெல்லாம் எங்கள் வீட்டில்தான். முன்பல் இரண்டும் விழுந்திருந்த வயது. மூன்றாவது பாட்டைச் சொல்லும்போது வேண்டுமென்றே திக்கிக் காட்டுவாள். அப்பா வாய்விட்டுச் சிரிப்பார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அவளிடம் மட்டும்தான், இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு. அவள் கிடங்கு வாசலில் திரியும் ஒரு கறுப்பு நாயோடு சிநேகம் பிடித்திருந்தாள். சுக்குவுக்குப் போட்டியாக அதற்குக் கிராம்பு என்று பெயர் வைத்தாள். யாருடைய நாயும் அல்ல அது. மீன் சந்தை, படகுத் துறை, கிடங்கு என்று சுற்றிவிட்டு நினைத்தால் வரும், இல்லாவிட்டால் வராது. கிராம்புக்கும் ஒரு பாட்டுக் கட்ட வேண்டும் என்று அவள் அப்பாவை நச்சரித்தாள். அப்பா விளையாட்டாக, காக்கி போட்ட நாய்க்குத்தான் பாட்டு என்று சொல்லிவிட்டார். சொல்லி முடித்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று. பிள்ளை அன்றிலிருந்து பாட்டை விட்டுவிட்டாள், காக்கியைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா மறுத்துத்தான் பார்த்தார். அது நம் வீட்டு நாய் இல்லை, எங்கே போகிறது எதைக் கடிக்கிறது என்று நமக்குத் தெரியாது என்று பொறுமையாகச் சொன்னார். அக்கரைக்காரர்கள் வரும் நாள் நெருங்கியபோது அவள் படிக்கட்டில் உட்கார்ந்து சாயங்காலம் முழுக்கச் சத்தமில்லாமல் அழுதாள். அடம்பிடித்துக் கத்தியிருந்தால் அப்பா அசைந்திருக்க மாட்டார். சத்தமில்லாத அழுகை அவருக்குத் தாங்காது. உள்ளே போய்க் கத்தரியை எடுத்து வந்து ஒரு துண்டு வெட்டினார். அவளே கட்டினாள், கிராம்பு நின்று காட்டியது. மறுநாள் அக்கரை ஆட்கள் வந்தார்கள், கிடங்குப் பக்கத்திலிருந்து நிறைய நாய்களைக் கொண்டுபோனார்கள், கிராம்பை விட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் எங்கள் வீட்டில் நுழைந்தபோது பண்டிகை நாள் மாதிரி இருந்தது. கிராம்புக்கு அப்பா கட்டிய பாட்டு ஒரு பாட்டுதான், அதுவும் காலைப் பாட்டு. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

மழைக்காலம் வந்து பாதி போயிருந்தது. கொஞ்ச நாளாகக் கிராம்பைக் காணோம். சந்தையில் வெறி பிடித்த நாய் ஒன்று திரிந்ததாகவும் அதைப் படகுத் துறைக்காரர்கள் அடித்துக் கொன்றதாகவும் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சையும் கிராம்பையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மழைக்கு எங்காவது ஒதுங்கியிருக்கும் என்று நினைத்தோம். சின்னவள் அதைத் தேடவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அது எங்களுக்கு வினோதமாகப் படவில்லை. குழந்தைகள் மறந்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் சுலபமாக நம்பிவிடுகிறார்கள்.

ஒரு சாயங்காலம் வழக்கம்போல நாங்கள் படிக்கட்டில் கூடியிருந்தோம். சின்னவளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அம்மாக்காரி வேலைக்குப் போயிருந்ததால் எங்கள் வீட்டில் பாயில் கிடந்தவள், பாட்டுச் சத்தம் கேட்டு எழுந்து வந்து உட்கார்ந்தாள். அம்மா எல்லோருக்கும் கட்டன்சாயா கொடுத்தாள். அப்பா இரண்டாவது பாட்டில் இருந்தார். சின்னவள் தம்ளரை வாய்க்கருகே கொண்டுபோனாள். கழுத்து வெட்டி இழுத்தது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். தாகமாக இருக்கிறது, குடிக்க வரவில்லை என்றாள். அம்மா பச்சைத் தண்ணீர் கொண்டுவந்தாள். தண்ணீரைப் பார்த்ததுமே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா பாட்டை நடுவில் நிறுத்தினார். நாங்கள் தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தோம், எங்களுக்கு என்ன தெரியும். அவருக்குத் தெரிந்தது. அந்தத் திரும்பலை அவர் கூண்டுக் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். எழுந்து போய் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“மோளே, உன்னை நாய் கடிச்சுதா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அப்பா மறுபடியும் கேட்டார், குரலை உயர்த்தாமல். அவள் சுக்குவைப் பார்த்தாள். பிறகு பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். ஆறிப்போன இரண்டு சின்னத் தழும்பு. ஆணி குத்தியது என்று தன் அம்மாவிடம் சொல்லியிருந்தாளாம், அவளும் மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறாள்.

“ஏன் பிள்ளே சொல்லலை?”

“சொன்னா நீங்க கிராம்பைப் பிடிச்சுட்டுப் போயிருவீங்க, மாமா.”

அப்பா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடினார். சைக்கிளை எடுக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ஓடியும் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். கடித்த அன்றே வந்திருந்தால் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டிருப்பார்கள். வலிக்கும், அழுவாள், பிழைத்திருப்பாள். அறிகுறி வந்த பிறகு எந்த டாக்டரிடமும் மருந்து கிடையாது. ஊரில் எல்லோரையும்விட அது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஓடினார். அவள் ஆஸ்பத்திரியில் அதிக நாள் இருக்கவில்லை. அங்கே நடந்ததை அப்பா எங்களிடம் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை.

இதில் யார்மேல் பழி போடுவது என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். கிராம்புமேல் போட முடியாது, அதற்கு வந்தது நோய். பிள்ளைமேல் போட முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் நாய் பிடிக்கிறவராக இல்லாமல், ஒரு தையல்காரராகவோ தபால்காரராகவோ இருந்திருந்தால் அவள் ஓடிவந்து சொல்லியிருப்பாள். கடித்த நாய் கூண்டுக்குள் போனால் உயிரோடு திரும்பாது என்று எங்கள் லைன் குழந்தைகளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எந்தத் தெருக் குழந்தைக்கும் தெரியாது. தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. அவளுடைய அம்மா ஒரு வாரம் கழித்து எங்கள் வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வரவில்லை. கையில் சுக்குப் பொடி ஒட்டியிருந்தது, வேலைக்குத் திரும்பப் போக ஆரம்பித்திருந்தாள். அப்பாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

“அண்ணே, நாய்னா பயமே இல்லாமப் போச்சு என் பிள்ளைக்கு. பயம் இருந்திருந்தா என்கிட்ட வந்து சொல்லியிருக்கும்.”

பாட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் போன பிறகும் நின்றார்.

அதற்குள் மேலே விஷயம் போயிருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து, லைனில் ஒரு நாய் இருக்கக் கூடாது, காக்கி கீக்கி எதுவும் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அக்கரை ஆட்கள் வருவதாக நாளும் குறித்தாகிவிட்டது. அவர் சொன்னதில் தப்புச் சொல்ல முடியாது. சுக்குவும் கிராம்பும் ஒரே சிரட்டையில் நக்கித் தின்ற நாய்கள். சுக்குவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? எங்கள் வீட்டில் தம்பி இருந்தான், நான் இருந்தேன். எங்காவது தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று அம்மா சொன்னாள். அங்கேயும் குழந்தைகள் இருப்பார்கள் என்றார் அப்பா. பிறகு, அக்கரைக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நானே கொண்டுபோகிறேன் என்றார். தன் தெருவில் தானே சுருக்கு வீசுவது இல்லை என்ற கட்டுப்பாட்டை அம்மா ஞாபகப்படுத்தினாள்.

“அவங்க வந்தா அது பயந்து ஓடும். சுருக்குப் போட்டு இழுப்பாங்க” என்றார். “எனக்குன்னா தானா வரும்.”

காலை நேரம். நான் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். கூண்டு வண்டியைச் சந்து முனைக்கு அப்பால், வீடுகளிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். சுக்கு சாயாக்கடை வாசலில் பன்னுக்குக் காத்திருந்தது. அப்பா சைக்கிளோடு முனையில் நின்று மணியை அடித்தார். காலையில் அந்த மணி கேட்டதே கிடையாது. அது சாயங்காலத்து மணி. சுக்கு ஒரு கணம் குழம்பித் தலையைச் சாய்த்தது. அடுத்த கணம் பன்னை மறந்தது, சேட்டனை மறந்தது, தொண்டையில் எதுவோ மாட்டிக்கொள்ள, முனகிக்கொண்டு, திக்கிக்கொண்டு ஓடியது. அப்பா குனிந்து அதன் கழுத்துத் துண்டை அவிழ்த்தார். அவர் கையை அது நக்கியது. அவர் முன்னால் நடந்தார், அது பின்னால் போயிற்று. கூண்டுக்குள் ஏறச் சொன்னதும் ஏறிவிட்டதாம். அவரோடு வேலை பார்த்தவர் பின்னாளில் சொன்னார். சுருக்குக் கம்பிக்கு வேலையே இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் சந்து முனையில் மணிச் சத்தம் கேட்கவில்லை. அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மணிக்குள் அந்தக் காக்கித் துண்டு அடைத்திருந்தது. தம்பி சின்னப் பையன், சாப்பிடும்போது பழக்கதோஷத்தில் விடிஞ்சாச்சு சுக்கு என்று ஆரம்பித்தான். அப்பா அவனை அறைந்தார். எங்கள்மேல் அவர் கை பட்டது அந்த ஒரு தடவைதான். அறைந்த கையைத் தட்டின் ஓரத்தில் வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், சாப்பிடவில்லை.

எழுபதுகளில் நடந்தது இது. எண்பதுகள் முழுக்க அப்பா எங்களோடுதான் இருந்தார்; ஆனாலும் இருந்தாரா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. நாய் வேலையிலிருந்து தண்ணீர்க் குழாய்ப் பிரிவுக்கு மாற்றும்படி அவர் சுக்கு வந்த காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் மாற்றம் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மா அழுதாள், கெஞ்சினாள். இனி எதுக்கு என்ற ஒரே வார்த்தையோடு மறுநாள் சுருக்குக் கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தண்டனை என்று நினைத்தாரோ, தனக்கு இதுதான் லாயக்கு என்று நினைத்தாரோ. வீட்டில் பேச்சும் குறைந்தது. தேவைக்கு நாலு வார்த்தை, அதுவும் பாதி மலையாளம். நாங்கள் தமிழில் புதிதாக ஒரு சொல் கற்றுக்கொள்வது நின்றுபோனது. லைன் குழந்தைகள் வளர்ந்து கல்யாணம் கட்டி, களமசேரிக்கும் இடப்பள்ளிக்கும் வேலை தேடிப் போனார்கள். அந்தப் பாட்டு அவர்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்டுப் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. சாயங்காலமானால் சந்து முனையில் போய் நிற்பார். யாரையும் எதிர்பார்த்து இல்லை. பீடி குடிப்பதும் இல்லை. சாயாக்கடையில் அப்போது சேட்டனின் மகன் உட்கார்ந்திருந்தான்; அவன் ஸ்டூல் போட்டுக் கொடுத்தாலும் உட்கார மாட்டார். நாய்கள் அவரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருக்கும். இருட்டியதும் திரும்பி வருவார். அவர் கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது தம்பி, மனம் தாங்காமல், அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கிறதா அப்பா என்று காதருகில் கேட்டான். அறை வாங்கியவன்தான் கேட்டான். அப்பா “எந்தப் பாட்டு?” என்றார். மறந்துதான் போயிருந்தாரா, மறைத்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டு நாளில் போய்விட்டார்.

பின்னாளில் நான் எறணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தபோது, அங்கே உள்ள தமிழர்கள் சேர்ந்து ஆண்டு மலர் ஒன்று போட்டார்கள். குழந்தைப் பாட்டு இருந்தால் கொடுங்கள் என்று கடைக்கு வந்த பெரியவர் ஒருவர் கேட்டார். என் தமிழ் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இருந்தாலும் மூன்று பாட்டையும் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் மிகவும் சந்தோஷப்பட்டார். ஒரு வளர்ப்பு நாயின் ஒரு நாள் அப்படியே இருக்கிறது, குழந்தைகள் ஆசையாகப் படிப்பார்கள் என்றார். பிறகு, காலை, மதியம், மாலை வந்துவிட்டது, ராத்திரி இல்லையே அம்மா, குழந்தைப் பாட்டு என்றால் தூக்கத்தில் போய் முடிய வேண்டும், நீங்களே ஒன்று சேர்த்துக் கொடுங்கள் என்றார். நல்ல மனிதர், நல்ல யோசனை. நாலு வரி கட்டுவது பெரிய காரியமும் இல்லை. ஆனால் சுக்கு கடைசியாகத் தூங்கிய இடம் எது என்று தெரிந்துகொண்டு, அது வாசலில் சுருண்டு படுத்திருப்பதாக நான் எப்படி எழுதுவது? காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அவருக்கு வருத்தம். இன்னொன்றும் எனக்குள் இருந்தது. எந்த வீட்டிலாவது ஒரு குழந்தை அதைப் படித்துவிட்டுத் தெருவில் நிற்கும் நாயிடம் கையை நீட்டுமே என்று இருந்தது. நாயைப் பற்றிய குழந்தைப் பாட்டு எல்லாம் பயத்தைப் போக்கத்தான் எழுதப்படுகிறது. நல்ல பாட்டாக இருந்தால் போக்கியும் விடுகிறது.

தம்பி இப்போது களமசேரியில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறான். அவன் மகள் விடுமுறைக்கு என்னிடம் வந்திருந்தாள். தமிழ் கொஞ்சம், மலையாளம் நிறைய. அலமாரியைக் குடைந்து மணியை எடுத்துக்கொண்டு வந்து அழுத்திப் பார்த்தாள். அந்த மங்கல் ஒலி வந்தது. அவளுக்கும் முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது.

“இது கேடாயிப் போச்சு அத்தை.”

“ஆமா.”

திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியால் உள்ளே தொட்டுப் பார்த்து, துணி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரி.

“இந்தத் துணியை எடுத்தா அடிக்கும். எடுக்கட்டா?”

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். பழசு, துரு கையில் குத்தும் என்று எதையோ சொல்லி மணியை அவளிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். உண்மையான காரணத்தை அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்ல. இத்தனை வருஷத்துக்குப் பிறகும், அந்த மணி அடித்தால் அது ஓடி வந்துவிடுமே என்று எனக்குப் பயமாக இருக்கிறது.